உப்புக்காற்றும் லோ வோல்டேஜும்: ராமநாதபுரம் கரையோரத்தில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய மெஷின் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது என்பதால் ஜெராக்ஸ் கடை, டிராவல்ஸ் ஆபீஸ், போட்டோ ஸ்டூடியோ, பிள்ளைகள் படிக்கிற வீடு என்று பலரும் புது டெஸ்க்டாப் போடும் யோசனையில் இருக்கிறார்கள். பிராசஸர் எது, ரேம் எவ்வளவு, எஸ்.எஸ்.டி. எந்தக் கம்பெனி என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள்கூட எஸ்.எம்.பி.எஸ்., அதாவது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி என்று வரும்போது "கேபினட்டோடயே வந்துரும்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். உள்நாட்டு ஊர்களில் அப்படி விட்டாலும் ஓரளவு காலம் ஓடும். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று நீளும் இந்தக் கரையில் அது நடக்காது. இங்கே எஸ்.எம்.பி.எஸ்.-க்கு இரண்டு பக்கமும் அடி: வயரில் வரும் வோல்டேஜ் ஒருபக்கம், காற்றில் வரும் உப்பு இன்னொரு பக்கம். டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட்டும் தங்க முத்திரையும் இந்த இரண்டைப் பற்றியும் வாயே திறப்பதில்லை. அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

## எஸ்.எம்.பி.எஸ். உள்ளே என்ன நடக்கிறது

சுவரில் வருவது 230 வோல்ட் ஏ.சி., செகண்டுக்கு 50 சுற்று. மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் வேண்டியது 12, 5, 3.3 வோல்ட் டி.சி. நடுவில் நடப்பது இவ்வளவுதான்:

1. கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு ஃபியூஸ், இரைச்சலை வடிகட்டும் காயிலும் கெப்பாசிட்டரும், பக்கத்தில் எம்.ஓ.வி. என்கிற சின்ன வட்ட வில்லை. திடீரென்று வோல்டேஜ் எகிறினால் எம்.ஓ.வி. அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு ஃபியூஸை அடிக்க வைக்கும்.

2. ஏ.சி. டி.சி.யாக மாறுகிறது. 230 வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். ஆக்டிவ் பி.எஃப்.சி. (லைனிலிருந்து இழுக்கும் கரண்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்.எம்.பி.எஸ்.-இல் அதை இன்னும் ஏற்றி 380, 400 வோல்ட் அளவில் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிறுத்துவார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தேங்கி நிற்கலாம், ஆகவே எஸ்.எம்.பி.எஸ்.-ஐ வீட்டில் யாரும் கழற்றக்கூடாது.

3. அந்த டி.சி.யை செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்கி, 12 வோல்ட்டாக்கி வெளியே விடுகிறது.

4. ஒரு கண்காணிப்பு சிப் எல்லா லைனையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது எல்லை மீறினால் மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். வரையறையின் வழியில் வந்த விதிதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, 12.6-க்கு மேலே ஏறக்கூடாது. அதன் மேல் மிதக்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வயலுக்குப் போகும் அளவை மடைதான் தீர்மானிக்கிறது, அந்த இடம் எஸ்.எம்.பி.எஸ்.-க்கு. மடை உடைந்தால் போவது மடை மட்டுமா? மட்டமான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது மதர்போர்டையும் ஹார்டுடிஸ்க்கையும் கூடவே கொண்டுபோகிறது. டிஸ்க்கில் இருந்த பத்து வருட கல்யாண போட்டோக்களுக்கு எந்த வாரண்டியும் கிடையாது.

## நம் லைனில் கரண்டுக்கு என்ன ஆகிறது

முதல் சிக்கல் லோ வோல்டேஜ். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு வழியிலேயே வோல்டேஜ் குறையும். கோடைச் சாயங்காலத்தில் எல்லா வீட்டிலும் ஏ.சி., மோட்டார், ஐஸ்பெட்டி ஒரே நேரத்தில் ஓடும்போது லைனின் கடைசி வீட்டில் 170, 160 என்று இறங்குவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கும் மாவட்டத்தில் இது ஏன் என்று பலருக்கும் கேள்வி வரும். அங்கே தயாராகும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி மாநிலத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டு வோல்டேஜைத் தீர்மானிப்பது உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரும் அதிலிருந்து வரும் கம்பியும்தான்.

இதற்கு எஸ்.எம்.பி.எஸ்.-இலேயே தீர்வு இருக்கிறது. லேபிளில் இன்புட் என்ற வரியைப் பாருங்கள். 100–240 என்று போட்டிருந்தால் அது முழு வீச்சு: வோல்டேஜ் 150-க்கு இறங்கினாலும் கம்ப்யூட்டர் அசையாது. 200–240 என்று மட்டும் போட்டிருந்தால் லோ வோல்டேஜில் அணையும், ரீஸ்டார்ட் ஆகும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், வோல்டேஜ் குறையும்போது அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். உள்ளே 300 வாட் தருவதற்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் போதும் என்றால், 150 வோல்ட்டில் இரண்டேகாலுக்கு மேல் வேண்டும். ஆம்பியர் கூடக் கூட உள்ளே சூடும் கூடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ அதன் முழு வாட்டுக்கு ஓட்டக்கூடாது.

பின்புறத்தில் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் உள்ளதை வாங்கவே வேண்டாம். அது பழைய வடிவமைப்பு, ஆக்டிவ் பி.எஃப்.சி. இருக்காது. தெரியாமல் 115 பக்கம் தள்ளிவிட்டு ஆன் செய்தால் அந்த நொடியே கெப்பாசிட்டர் வெடிக்கும்.

இரண்டாவது சிக்கல் லோ வோல்டேஜைவிடப் பல மடங்கு மோசமானது: நியூட்ரல் அறுவது. மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலுமாகத்தான் தெருவுக்கு லைன் வருகிறது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் நடுவே 400. கம்பத்திலோ சர்வீஸ் வயர் ஜாயின்ட்டிலோ நியூட்ரல் விட்டுப்போனால், அந்த 400 வோல்ட்டை வீடுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவாக ஓடும் வீட்டில் 300, 350 என்று ஏறும். டியூப் லைட் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது, ஃபேன் பறந்தது, அப்புறம் டி.வி. போச்சு என்று சொல்வார்களே, அது இதுதான். உப்புக்காற்றில் ஜாயின்ட்டுகள் அரிக்கப்படும் ஊரில் இதற்கான வாய்ப்பு அதிகம்.

எஸ்.எம்.பி.எஸ்.-கள் பொதுவாக 264 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. 300 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 424 வோல்ட். உள்ளே இருப்பது 400 வோல்ட் கெப்பாசிட்டர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நல்லதில் எம்.ஓ.வி. தன்னைக் கொடுத்து ஃபியூஸை அடிக்க வைத்து மற்றதைக் காப்பாற்றும். மிக மலிவானவற்றில் எம்.ஓ.வி.க்கும் ஃபில்டர் காயிலுக்கும் போர்டில் இடம் மட்டும் இருக்கும், பாகம் இருக்காது, அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டைப் போட்டு இணைத்திருப்பார்கள். அதைவிட நல்ல காப்பு எஸ்.எம்.பி.எஸ்.-க்கு வெளியே இருந்தே வர வேண்டும்: மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட் ஒன்றைப் போட்டுவிட்டால் 270-ஐத் தாண்டும்போது முழு வீட்டையும் துண்டித்துவிடும். கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஸ்டெபிலைசர் வாங்கும் பணத்தை இதில் போடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் முழு வீச்சு எஸ்.எம்.பி.எஸ்.-க்கு லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை, ஹை வோல்டேஜிலிருந்துதான் அதற்குக் காவல் வேண்டும்.

இடி மின்னல் மூன்றாவது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் விழும் இடிக்கு எந்த விலை எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உத்தரவாதம் இல்லை.

## உப்பு என்ன செய்கிறது

காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதிக்க மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. இடம் அப்படி. ஒருபக்கம் பாக் விரிகுடா, ஒருபக்கம் மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் ஏதோ ஒரு கடலின் உப்பு வந்துகொண்டே இருக்கும்.

உப்பு சும்மா படிந்து கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் பல இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். அப்போது சர்க்யூட் போர்டில் படிந்த தூசியும் உப்பும் சேர்ந்து மெல்லிய ஈரப் படலமாகும், அதன் வழியே கரண்ட் கசியும். 400 வோல்ட் நிற்கும் பகுதியில் இரண்டு பாதைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். அங்கே கசிவு தொடங்கினால் போர்டு கருகி, கருகிய தடமே இன்னும் நல்ல பாதையாகி, ஒருநாள் காலையில் ஆன் செய்யும்போது "டப்" என்று போகும்.

பழைய மெஷின் ஒன்றின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.-ஐப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவும் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருக்கும். ஃபேன் ஜாலியின் வளைவுகளில் பிசுபிசுப்பான சாம்பல் தூசி அடையாக ஒட்டியிருக்கும், ஊதினால் பறக்காது, விரலில் ஒட்டும். மதர்போர்டில் சொருகும் 24 பின் கனெக்டரைக் கழற்றினால் சில பின்களில் பச்சைக் களிம்பு தெரியலாம். களிம்பு பிடித்த பின்னில் தொடர்பு சரியாக இருக்காது, தொடர்பு சரியில்லாத இடம் சூடாகும், பிளாஸ்டிக் பழுப்பாகி உருகும். காரணமே தெரியாமல் ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதில் உதவும் விஷயங்கள் சில உண்டு. லோடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைக்கும் மாடல்கள் உப்புக்காற்றைக் குறைவாக இழுக்கும், கடலுக்கு மிக அருகே இருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. எஸ்.எம்.பி.எஸ். காற்று இழுக்கும் வாயில் வலை ஃபில்டர் உள்ள கேபினட் வாங்குங்கள், மாதம் ஒருமுறை அதைக் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே மெஷினை வைக்காதீர்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: தினமும் ஓடும் மெஷினைவிட மூடிக் கிடக்கும் மெஷின்தான் இங்கே சீக்கிரம் கெடும். காற்று 10, 11 டிகிரி சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஆகவே ஓடுகிற எஸ்.எம்.பி.எஸ். தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. மழைக்காலத்தில் பயன்படுத்தாவிட்டாலும் தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பல வாரம் பூட்டிக் கிடந்த வீடு என்றால், வந்ததும் சுவிட்சைத் தட்டாமல் அறையைத் திறந்து ஈரம் போகவிட்டு, நல்ல வெயிலேறிய பிறகு ஆன் செய்யுங்கள்.

## எர்த் இல்லாமல் எதுவும் இல்லை

கேபினட்டில் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? அது எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போனதன் அறிகுறி என்று பலர் புதிதாக ஒன்று மாற்றிவிடுகிறார்கள், புதியதும் அதேபோல இழுக்கும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகரம் 230-இன் பாதியில், 115 வோல்ட் அளவில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் ஃபில்டரும் எர்த்தை நம்பித்தான் முழு வேலை செய்கிறது, உள்ளே ஃபேஸ் வயர் தகரத்தைத் தொட்டுவிட்டால் உங்கள் உயிரைக் காப்பதும் எர்த்தை நம்பிய ஏற்பாடுதான்.

கடற்கரை மணலில் இது தனிப் பிரச்சினை. காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. உப்பு ஈரம் உள்ள மண் நன்றாகக் கடத்தும், ஆனால் புதைத்த ஜி.ஐ. பைப்பையும் கம்பியையும் தின்றுவிடும். வீடு கட்டும்போது போட்ட எர்த் இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள், கூடவே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போட்டுவிடுங்கள். நல்ல எர்த் இல்லாத வீட்டில் பத்தாயிரம் ரூபாய் எஸ்.எம்.பி.எஸ். மாட்டுவதைவிட, எர்த்தைச் சரிசெய்துவிட்டு மூவாயிரம் ரூபாய்க்கு நல்லதாக ஒன்று மாட்டுவதே மேல்.

## லேபிளைப் படிக்கும் முறை

கடையில் டப்பாவைத் திருப்பி, எஸ்.எம்.பி.எஸ்.-இன் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். டப்பாவின் முகப்பைப் படிக்காதீர்கள்.

1. 12 வோல்ட் வரி. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்தான். முகப்பில் 450 வாட் என்று போட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால் அது 192 வாட்தான். உண்மையான 450 வாட்டில் 12 வோல்ட் மட்டுமே 34 ஆம்பியரிலிருந்து 37 வரை இருக்கும். 12வி1, 12வி2 என்று இரண்டாகப் பிரித்திருந்தால் இரண்டையும் கூட்டாதீர்கள், கீழே சேர்த்துப் போட்டிருக்கும் மொத்த வாட்டைப் பாருங்கள்.

2. இன்புட் வரி. மேலே சொன்னதுதான்: 100–240.

3. வெப்பநிலை. முழு வாட்டை எத்தனை டிகிரியில் தரும்? சில கம்பெனிகள் 50 டிகிரி என்று போடும், சில 40, சில 25-க்குக் கணக்குப் போட்டு விற்கும். சித்திரை வெயிலில் கேபினட்டுக்குள் 45 டிகிரி சாதாரணம். குறைந்தது 40 இருக்க வேண்டும், 50 இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

4. கெப்பாசிட்டர். 105 டிகிரி ரகமா, 85 டிகிரி ரகமா? இந்த வகைக் கெப்பாசிட்டர்களுக்கு வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நிப்பான் கெமிகான், ரூபிகான், நிச்சிகான் போன்ற ஜப்பானியப் பெயர்கள் இருந்தால் நல்லது.

5. பாதுகாப்புகள். ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ், ஓவர் பவர், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர். மலிவு மாடல்களில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள், நம் வெயிலுக்கு வேண்டியதும் அதுதான்.

6. பி.ஐ.எஸ். பதிவு எண். ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கம்பெனி பெயரை மட்டும் நம்பி எடுக்க முடியாது. பெரிய பெயர்கள் பலவும் தாங்களே தயாரிப்பதில்லை, சீசானிக், சி.டபிள்யூ.டி., சூப்பர் ஃபிளவர், எஃப்.எஸ்.பி. போன்ற தயாரிப்பாளர்களிடம் செய்து வாங்கித் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டுகின்றன. ஒரே பெயரில் மிக நல்ல மாடலும் சுமாரான மாடலும் பக்கத்துப் பக்கத்தில் விற்கும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, உள்ளே பிரித்துச் சோதித்த விமர்சனத்தைப் படிப்பதுதான் வழி.

## 80 பிளஸ் தங்கம் எதைச் சொல்கிறது

2004-இல் தொடங்கிய 80 பிளஸ் சான்று சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது. 230 வோல்ட் சோதனையில் பாதி லோடில் வெண்கல (பிரான்ஸ்) ரகத்துக்கு 88 சதவீதம், தங்க (கோல்டு) ரகத்துக்கு 92. வீணாவது குறைந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாக ஓடும், உப்பும் குறைவாக வரும், இவ்வளவும் நல்லதுதான். ஆனால் சோதனை நடப்பது 23 டிகிரியில். வோல்டேஜ் எகிறினால் தாங்குமா, ஷார்ட் ஆனால் நிற்குமா என்பது அந்தச் சோதனையில் இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் 2021-இல் வந்தது. கிகாபைட்டின் பி750ஜி.எம்., பி850ஜி.எம். என்ற இரண்டு மாடல்களும் கோல்டு சான்று பெற்றவை. ஓவர் பவர் சோதனைகளில் அவை வெடித்துச் சாவதை விமர்சகர்கள் காட்டியபின், 120 முதல் 150 சதவீதத்தில் நிற்கும்படி இருந்த பாதுகாப்பு எல்லையை 110 முதல் 120 என்று அந்தக் கம்பெனி குறைத்தது, குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தரவும் முன்வந்தது.

## யு.பி.எஸ்., இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகுமா

கரண்ட் போன நொடியிலிருந்து யு.பி.எஸ். கைகொடுக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துத்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். விதிப்படி அது 17 மில்லிசெகண்ட், புதிய ஏ.டி.எக்ஸ். விதியில் 80 சதவீத லோடில் 17, முழு லோடில் 12. சாதாரண யு.பி.எஸ். மாற 10 மில்லிசெகண்டுக்குள் போதும். வீட்டு இன்வெர்ட்டர் அப்படியில்லை. அதன் பின்னால் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் மாறும் நேரம் நீண்டு கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கரண்ட் போகும்போதெல்லாம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் குறை சொல்லுமுன் அந்த சுவிட்சைப் பாருங்கள்.

அலை வடிவமும் முக்கியம். மலிவான யு.பி.எஸ்.-கள் பேட்டரியில் ஓடும்போது சைன் அலை தருவதில்லை, படிபடியாக வெட்டிய அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பி.எஃப்.சி. எஸ்.எம்.பி.எஸ்.-களில் சில இதை ஏற்காமல் அணையும், அல்லது யு.பி.எஸ். ஓவர்லோடு என்று கத்தும். சைன் வேவ் இன்வெர்ட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை யு.பி.எஸ். மோடில் போட்டுப் பயன்படுத்துவது 600 வி.ஏ. பெட்டி ஒன்று வாங்குவதைவிட நல்லது. அந்த 600 வி.ஏ. பெட்டி தருவது பெரும்பாலும் 360 வாட்தான்.

## எத்தனை வாட் வேண்டும்

கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் மெஷினுக்கு 100, 150 வாட்டுக்கு மேல் போவது அரிது. நல்ல 400 அல்லது 450 வாட் தாராளம். ஸ்டூடியோ மெஷினுக்குக் கணக்கு இப்படி: ஐ5-12400 உச்சத்தில் 117 வாட், ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170, மற்றவைக்கு 60. மொத்தம் 347. லோ வோல்டேஜுக்கும் வெயிலுக்கும் இடம் விட்டு 550 வாட் எடுக்கலாம். 850 வாட் எல்லாம் இதற்குத் தேவையில்லை, அந்தப் பணத்துக்கு 550-இலேயே நல்ல ரகம் கிடைக்கும்.

## வாங்கும் நாளில்

கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஆயிரம் ரூபாய்க்குள் "450 வாட்" ஒன்றை எடுத்துக்காட்டினால் மேலே சொன்ன 12 வோல்ட் வரியைக் காட்டிக் கேளுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பில்லில் மாடலும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் சென்டர் மதுரையிலா, சென்னைக்கு கூரியர் போட வேண்டுமா, கூரியர் செலவு யாருடையது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வாரண்டி விதிகளில் துருவுக்கு விலக்கு இருக்கிறதா என்றும் படியுங்கள்: ஐந்து வருட வாரண்டி என்று வாங்கி, மூன்றாவது வருடம் தகரத்தில் துரு இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மாட்டிய அன்றே பின்பக்கத்தையும் லேபிளையும் போட்டோ எடுத்து வையுங்கள், ஃபில்டரைக் கழுவும்போதெல்லாம் வெளித்தகரத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.